சங்கீதத்தின் விலாசம்

நண்பர் ஒருவர் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துக் கையெழுத்துக் கேட்டார். சென்னை ஜார்ஜ் டவுனில் சங்கீத வித்வான்கள் வாழ்ந்த பழைய வீடுகளில் இன்னும் மிச்சம் இருப்பவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்; அவற்றை யாரும் இடிக்கக்கூடாது என்று உத்தரவு போட வேண்டும்; ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெயர்ப்பலகை பதிக்க வேண்டும். விண்ணப்பத்தின் சாரம் இவ்வளவுதான். பெரிய மனிதர்கள் பலர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

நண்பருக்கு முகம் வாடிவிட்டது. "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீர் என்ன, சங்கீதத்துக்கு விரோதியா?" என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை மேஜையின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். நான் விரோதி அல்ல. ஆனால் அந்தக் காகிதத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று எனக்குப் பட்டது. என்ன குறைகிறது என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் காலை ஜார்ஜ் டவுனுக்குப் புறப்பட்டேன்.

நான் தேடிப் போனது ராமகிருஷ்ண செட்டித் தெருவை. வீணை தனம்மாள் வாழ்ந்த தெரு அது. அந்தப் பக்கத்துத் தெருக்களில் நடப்பதே ஒரு வித்தை. தலைச்சுமைக்காரர் ஒருவருக்கு வழிவிட ஒதுங்கினால் தள்ளுவண்டி முட்டும். தள்ளுவண்டிக்கு ஒதுங்கினால் மோட்டார் சைக்கிள் முட்டும். மேலே மின்சாரக் கம்பிகள் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி தொங்குகின்றன. திண்ணை இருந்த இடமெல்லாம் கடையாகிவிட்டது. கடைக்கு மேலே கிடங்கு. அதற்கும் மேலே எங்கேயாவது ஒரு பழைய மரத்தூணோ தேய்ந்துபோன கைப்பிடிச் சுவரோ கண்ணில் பட்டால், நூறு வருஷத்துக்கு முந்திய வீடு ஒன்று உள்ளே மூச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு டீக்கடையில் நின்று விசாரித்தேன்.

"வீணையா?" என்றார் கடைக்காரர். டம்ளரைக் கழுவிக்கொண்டே ஒரு கணம் யோசித்தார். "அதெல்லாம் மயிலாப்பூர் பக்கம் போங்க சார். லஸ்ஸிலே யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

நான் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், சென்னையின் நூறு வருஷ சங்கீத சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. சங்கீதத்தின் விலாசம் மாறிவிட்டது. பழைய விலாசத்துக்கு வரும் கடிதங்களைப் புது விலாசத்துக்குத் திருப்பி அனுப்பும் தபால்காரர் மாதிரி அந்த மனிதர் என்னைத் திருப்பி அனுப்பினார்.

பழைய விலாசம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

தியாகராஜ ஸ்வாமிகள் சென்னப்பட்டணம் வந்தபோது தங்கியது பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியாரின் வீட்டில். முதலியாருடைய சொந்த ஊரான கோவூரின் பேரில் ஸ்வாமிகள் பாடிய ஐந்து கீர்த்தனைகள் பஞ்சரத்தினமாக இன்றும் பாடப்படுகின்றன. ஸ்வாமிகளின் சீடரான வீணை குப்பையர் முத்தியால்பேட்டைவாசி. வர்ணங்கள் செய்த மகா வித்வான். அவருடைய பிள்ளை திருவொற்றியூர்த் தியாகையரும் வர்ணங்களுக்குப் பேர் போனவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தச்சூர் சிங்காராச்சாரி சகோதரர்கள் பாடாந்தரத்தைச் சுரப்படுத்தி, தெலுங்கு எழுத்தில் புத்தகம் புத்தகமாக அச்சிட்டதும் இந்தப் பட்டணத்தில்தான். பெரிய வியாபாரிகள், துபாஷிகள், முதலியார்கள், செட்டியார்கள் என்று செலவழிக்க மனமுள்ளவர்கள் அதே தெருக்களில் குடியிருந்தார்கள். கோயில் உற்சவம், ராமநவமி, பஜனை மடம், கல்யாணம் என்று வருஷம் முழுவதும் பாட்டுக்குக் காரணம் இருந்தது. வித்வான் ஒரு வீட்டில், ஆதரிப்பவர் அடுத்த தெருவில், கேட்பவர் அதற்கடுத்த தெருவில். எல்லாம் நடந்துபோகும் தூரம். இந்த நடந்துபோகும் தூரம் என்ற விஷயத்தை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எனக்குத் தேவைப்படும்.

இந்தப் பரம்பரையின் சிகரம் தனம்மாள். 1938-ல் காலமானார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வீணை வாசிப்பார் என்பது அந்தக் காலத்துச் சங்கீத உலகம் முழுவதற்கும் தெரிந்த செய்தி. அதற்கு டிக்கெட்டும் கிடையாது, நோட்டீஸும் கிடையாது. வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான். பெரிய வித்வான்களும் வந்து மூலையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அம்மாளின் கண் பார்வை கடைசிக் காலத்தில் போய்விட்டது. காது மட்டும் கத்தியைப் போலக் கூர்மையாக இருந்தது. சின்னச் சத்தம் எழுந்தாலும் பொறுக்கமாட்டார் என்று சொல்வார்கள். விரலில் வளையம் மாட்டாமல் வெறும் விரலாலேயே மீட்டுவது அவர் வழக்கம். நாதம் பெரிதாக எழும்பாது. எழும்பியது அப்படியே இழைந்து கரையும். கூடவே மெல்லிய குரலில் பாடுவார். பதங்கள், ஜாவளிகள், கீர்த்தனைகள் எல்லாம் அவசரம் என்பதே அறியாத காலப்பிரமாணத்தில் போகும்.

ஒரு ரசிகன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த வாசிப்பை ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது வரிசைக்கு மேல் ஒன்றும் கேட்காது. ஒலிபெருக்கியை வைத்தால் கேட்கும். ஆனால் வெறும் விரலுக்கும் தந்திக்கும் நடுவே நடந்த ரகசியம் ஊர்ச் செய்தியாகிவிடும். தனம்மாளின் வாசிப்பு சில இசைத்தட்டுகளில் இன்றும் கிடைக்கிறது. பொக்கிஷம், சந்தேகமில்லை. ஆனால் பழைய தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் நான்கு நிமிஷம். அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்து காது பதமான பிறகு கேட்க வேண்டிய சங்கீதத்தை, ஊசியை வைத்த மறு விநாடியிலிருந்து கேட்கிறோம். அந்தத் தட்டுகளைக் கேட்டு "இதில் என்ன அப்படிப் பெரிய விசேஷம்?" என்று உதட்டைப் பிதுக்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கிடைத்தது வீணை மட்டும். அந்த வெள்ளிக்கிழமையும் அந்தக் கூடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த முப்பது நாற்பது பேரும் தட்டில் பதியவில்லை. அறையின் அளவும் கேட்பவர்களின் பழக்கமும் சேர்ந்துதான் அந்தப் பாணியை உண்டாக்கின என்பது என் அபிப்பிராயம்.

இது எப்படிப் போயிற்று? இடிக்கும் இயந்திரம் வந்து ஒரே நாளில் போகவில்லை. பட்டணத்தில் வியாபாரம் பெருகியது. குடியிருப்பதைவிடச் சரக்கு வைப்பது லாபம் என்று ஆயிற்று. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மயிலாப்பூருக்குப் போனார்கள். 1920-களில் பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கியபோது அங்கும் போனார்கள். காசு போன திசையில் கச்சேரி போயிற்று. 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த சங்கீத மகாநாட்டின் பலனாக அடுத்த வருஷம் மியூஸிக் அகாடமி பிறந்தது. பல இடங்களில் பந்தல் போட்டுக் கச்சேரி நடத்திவிட்டு, 1962-ல் அது தன் சொந்த மண்டபத்தில் குடியேறிய இடம் தெற்கே மயிலாப்பூர்ப் பக்கம். 1900-ல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய பார்த்தசாரதி ஸ்வாமி சபையும் பின்னால் மயிலாப்பூரை நாடி வந்தது. யாரும் சதி செய்யவில்லை. சங்கீதம் செத்தும் போகவில்லை; முன்னைவிட வளர்ந்தது. வடக்கே ஒரு ஊர் மட்டும் ஊமையாயிற்று.

ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல நம்மவர்கள் கூசுவார்கள். தனம்மாளின் வீடு தேவதாசி மரபைச் சேர்ந்த வீடு. அம்மரபுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த பதங்களையும் ஜாவளிகளையும் நம் வீட்டுப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். மிகவும் நல்லது. ஆனால் கற்றுக்கொண்ட பாட்டை மேடையில் வைத்த நாம், அது பிறந்த வீட்டைப் பற்றிப் பேசுவதை மரியாதைக் குறைவாக நினைத்தோம். பாட்டு வேண்டும், வீடு வேண்டாம் என்றோம். வீட்டை மறக்கத் தீர்மானித்தவர்கள் நாம். அப்படியிருக்க, அதை இடித்தது யார் என்று இப்போது கேட்பது அவ்வளவு நேர்மையான கேள்வி ஆகாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரத் தெரு என்னும் ஆர்மீனியன் தெருவில் கோகலே மண்டபம் இருக்கிறது. அன்னி பெசன்ட் அம்மையார் 1915-ல் எழுப்பியது. சுயாட்சிக் கிளர்ச்சியின் முழக்கம் அங்கே எழுந்தது. அரசியல் மட்டுமல்ல, கச்சேரிகளும் அங்கே நடந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடிக்கத் தொடங்கி, ஆட்சேபம் எழுந்து, வழக்காகி, பாதியில் நின்றது. 2010-ல் சென்னை உயர்நீதிமன்றம் நகரத்தின் பழமையான கட்டடங்களுக்குப் பாதுகாப்புத் தரும்படி ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த பட்டியலில் 467 கட்டடங்கள் இருந்தன. 2012-ல் சட்டசபையும் மரபுச் சின்னங்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. இவை எல்லாம் தேவை. இவை இல்லாவிட்டால் எத்தனையோ கட்டடங்கள் ராத்திரிக்கு ராத்திரி மறைந்திருக்கும்.

ஆனால் பட்டியலுக்குத் தெரிந்தது செங்கலும் சுண்ணாம்பும் வளைவும் தூணும். ஒரு மண்டபத்தின் கூரை எந்தப் பாணி என்று பட்டியல் சொல்லும். அதற்குள் எந்தக் கிழமை யார் பாடினார்கள், யார் நடந்து வந்து கேட்டார்கள் என்று சொல்லாது. உத்தரவு போட்டுச் சுவரை நிற்க வைக்கலாம். நிற்கிற சுவருக்குப் பூட்டும் போடலாம். இருபது வருஷம் பூட்டியிருக்கும் மண்டபமும் இடித்துத் தள்ளிய மண்டபமும் அந்தத் தெருப் பையனுடைய காதுக்கு ஒன்றுதான். அவன் எதையும் கேட்கப்போவதில்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். "பாட்டு காற்றில் இருப்பது ஐயா! அதற்குத் தெரு என்ன, ஊர் என்ன? தனம்மாளின் பாணி பிழைத்திருக்கிறதே!" என்பார்கள். உண்மை. பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அந்தப் பதங்களைக் காப்பாற்றித் தந்தார்கள். இன்னொரு பேத்தி பாலசரஸ்வதியின் நாட்டியத்தை உலகம் அறியும். 1973-ல் பாலசரஸ்வதிக்கும் 1976-ல் பிருந்தாவுக்கும் மியூஸிக் அகாடமி சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. 1960-களிலிருந்து பாலசரஸ்வதியும் அவர் சகோதரர்கள் ரங்கநாதன், விசுவநாதன் இருவரும் அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் பாடம் சொன்னார்கள். கனெக்டிகட் ராஜ்யத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் தனம்மாள் வீட்டுப் பாடத்தைக் கற்றுக்கொண்டான். ராமகிருஷ்ண செட்டித் தெருவில் ஒரு பையனும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆக, கலை பிழைத்தது, தெரு பிழைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு நஷ்டங்கள். கலை போனால் எல்லோருக்கும் நஷ்டம். அதற்காக அழ எங்கும் ஆள் உண்டு. தெருவின் காது போனால் அந்தத் தெருக்காரனுக்கு மட்டும் நஷ்டம். அதுவும் தனக்கு நஷ்டம் வந்ததே அவனுக்குத் தெரியாது. டிக்கெட் வாங்காமல், சட்டை மாற்றிக்கொள்ளாமல், வாசலில் நின்றபடியே நல்ல சங்கீதம் கேட்டு வளர்கிற பாக்கியம் ஒன்று உண்டு. தஞ்சாவூர் ஜில்லாவின் எத்தனையோ ஞானஸ்தர்கள் அப்படிக் கேட்டுக் கேட்டே உண்டானவர்கள். பேட்டையின் சங்கீதச் சொத்து என்று நான் சொல்வது இந்தப் பாக்கியத்தைத்தான்.

இதே விஷயத்தைச் சம்பந்தமே இல்லாத ஓர் ஊரில் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். ஜாஸ் சங்கீதத்தின் தாய்வீடு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம். அங்கே திரெமே என்பது கறுப்பு மக்களின் பழைய பேட்டை. கலாசார மையம் கட்டுவதற்கென்று அந்தப் பேட்டையின் ஒரு பெரும் பகுதியில் வீடுகளை இடித்துக் குடிகளை அப்புறப்படுத்தினார்கள். வாத்தியக்காரர்கள் வாழ்ந்த வீதிகள் போயின. பிறகு அந்த இடத்தில் ஒரு பூங்கா அமைத்து, 1980-ல் திறந்து, அதற்கு லூயி ஆம்ஸ்ட்ராங் பெயரை வைத்தார்கள். ஆம்ஸ்ட்ராங் பிறந்த வீடு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அதை 1964-லேயே இடித்துவிட்டார்கள். பாட்டுக்காரனின் வீட்டை இடித்துவிட்டு அவனுக்குப் பூங்கா கட்டும் புத்தி நமக்கு மட்டும் சொந்தமானது அல்ல.

இன்னும் கேளுங்கள். அதே பேட்டையில் கிளைபோர்ன் என்ற அகன்ற வீதி இருந்தது. நடுவே வரிசை வரிசையாக ஓக் மரங்கள். திருவிழாவுக்கும் வாத்திய ஊர்வலத்துக்கும் ஜனங்கள் கூடுகிற நிழல் அது. 1966-ல் மரங்களை வெட்டி, வீதிக்கு மேலே உயரமான நெடுஞ்சாலைப் பாலம் போட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த ஜனங்கள் பாலத்தின் அடியிலேயே கூடினார்கள். பித்தளை வாத்தியங்களும் பின்னால் ஆடிக்கொண்டு வரும் கூட்டமுமாக அந்த ஊர்வலங்கள் இன்றும் பாலத்துக்குக் கீழே போகின்றன. பாலம் நல்லது என்று நான் சொல்லவில்லை. அந்த ஊரார் அதை இன்னும் மன்னிக்கவில்லை. பூங்காவில் இல்லாத சங்கீதம் பாலத்தடியில் இருக்கிறதே, அது ஏன்? அங்கே வழக்கமான நாள் இருக்கிறது, வழக்கமான இடம் இருக்கிறது, நடந்து வரும் தூரத்தில் ஜனங்கள் இருக்கிறார்கள். இந்த மூன்றும் இருந்தால் மரம் போனாலும் பாட்டு மிஞ்சுகிறது. மூன்றில் ஒன்று போனால் மண்டபமே இருந்தாலும் பாட்டு நிற்பதில்லை.

நம் ஊரிலும் இதற்குச் சாட்சி உண்டு. டீக்கடைக்காரர் சொன்னபடியே நான் மயிலாப்பூருக்குப் போகிறேன். பாபநாசம் சிவன் மார்கழி மாதத்தில் விடியற்காலையில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நான்கு மாடவீதிகளிலும் பஜனை பாடிக்கொண்டு வலம் வருவார். 1973-ல் அவர் மறைந்தார். பஜனை மறையவில்லை. மாடவீதிகளில் ஓடு வேய்ந்த பழைய வீடுகள் பெரும்பாலும் அடுக்குமாடிகளாகிவிட்டன. மெட்ரோ ரயிலுக்காகச் சுற்றுவட்டாரத்தைத் தோண்டித் தகடு அடித்து மறைத்தார்கள். ஆனாலும் மார்கழி பிறந்தால் இருட்டோடு குளித்துவிட்டு வந்து சேருகிறவர்கள் வந்து சேருகிறார்கள். அந்தப் பஜனைக்கு ஒரு கட்டடம் கிடையாது. காப்பாற்றச் சொல்லி விண்ணப்பம் போட ஒரு சுவர் கிடையாது. மாதம் ஒன்று, வீதி நான்கு, பக்கத்துத் தெருக்காரர்கள் சிலர். அவ்வளவுதான் அதன் ஆஸ்தி.

ஆனால் மயிலாப்பூரோடு நிறுத்திக்கொண்டால் நான் சொல்ல வந்ததில் பாதியைத்தான் சொன்னவனாவேன். 2017-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் சென்னையைச் சங்கீதத்துக்கான படைப்பு நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நாம் பெருமைப்பட்டோம். டிசம்பர் கச்சேரிகளை நினைத்துப் பெருமைப்பட்டோம். இந்த நகரத்தில் வேறு சங்கீதமும் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்கு அந்தச் சமயத்தில் ஞாபகம் வந்தது?

வடசென்னையின் கானாப் பாட்டைச் சொல்கிறேன். ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு முதலிய பேட்டைகளின் பாட்டு அது. சினிமாவில் வரும் துள்ளல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுக் கானாவைத் தெரியும் என்று நினைப்பது, கல்யாண பாண்டைக் கேட்டுவிட்டுக் கர்நாடக சங்கீதம் தெரியும் என்று நினைப்பது போல. கானாவின் பிறந்த வீடு பெரும்பாலும் சாவு வீடு. செத்தவரைக் கிடத்தி வைத்து, இரவு முழுவதும் உட்கார்ந்து பாடுவார்கள். தாளத்துக்கு டோலக்கு, அது இல்லாவிட்டால் ஒரு பலகை போதும். செத்தவர் என்ன தொழில் செய்தார், யாரோடு சண்டை போட்டார், யாரை வளர்த்தார் என்பதெல்லாம் பாட்டில் வரும். பாடுகிறவருக்குச் செத்தவரைத் தெரியும். கேட்கிறவர்களுக்கு இரண்டு பேரையும் தெரியும். ராயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபுவை நினைத்துப் பாட்டைத் தொடங்குகிறவர்களும் உண்டு. சாகிபு 1838-ல் காலமானவர். தியாகராஜ ஸ்வாமிகள் 1847-ல் சித்தியடைந்தார். பட்டணத்தின் வடகோடியில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்த இரண்டு குரல்களும் கேட்டிருக்கின்றன. ஒன்றைப் பரம்பரை என்கிறோம். மற்றதைச் சத்தம் என்கிறோம்.

இந்தப் பாட்டுக்கும் நகர நிர்மாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவே இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும் குடும்பங்களைக் கிளப்பி, 2000-லிருந்து கண்ணகி நகருக்கும் பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் அதிகம் பேர் போனார்கள். மச்சு வீடு கிடைத்தது. வெள்ளம் வராத வீடு வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இருக்க முடியாது. ஆனால் பிழைப்பும் பள்ளிக்கூடமும் பழைய இடத்தில், வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால். ஒரே சந்தில் வாழ்ந்தவர்கள் வேறு வேறு கட்டடங்களில், வேறு வேறு மாடிகளில். அங்கே ஒருவர் செத்தால் பிணத்தை மாடிப்படி வழியாக இறக்க வேண்டும். இரவு முழுவதும் பாட்டுக்கு உட்கார வேண்டுமானால் எங்கே உட்காருவது? பாடத் தெரிந்தவர் வேறொரு மூலையில் இருக்கிறார்; பக்கத்து வீட்டுக்காரருக்கோ செத்தவரைத் தெரியாது. தெரியாத மனிதனைப் பற்றிக் கானா பாட முடியாது.

அப்படியும் அந்தப் பிள்ளைகள் அங்கே பாடுகிறார்கள். புதுப் பாட்டுக் கட்டுகிறார்கள். அது அவர்களுடைய தெம்பு. நம்முடைய உபகாரம் அல்ல.

ஜார்ஜ் டவுன் வீட்டுக்குப் பெயர்ப்பலகை கேட்கும் என் நண்பர் கானாச் சந்துக்குப் பலகை கேட்க மாட்டார். அவரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் நேற்றுவரை கேட்டதில்லை. ஆனால் ஒரு பேட்டையின் சங்கீதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்ல வந்துவிட்டால், நமக்குப் பிடித்த சங்கீதத்துக்கு ஒரு நியாயம், பிடிக்காததற்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது. தனம்மாளின் வெள்ளிக்கிழமைக்கும் சாவு வீட்டு இரவுக்கும் வேண்டியது ஒன்றே. தெரிந்த நாள், தெரிந்த இடம், நடந்து வரக்கூடிய தெரிந்த காது.

இவ்வளவும் யோசித்த பிறகு, விண்ணப்பத்தில் குறைவது என்ன என்று எனக்குப் புரிந்தது. நண்பரைத் திரும்ப அழைத்து மூன்று விஷயங்களைச் சேர்க்கச் சொன்னேன்.

முதலாவது, பலகை வைக்கும் தெருவில் பாட்டும் வைக்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் முப்பது பேர் உட்காரும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை மாலையில் ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு வீணையோ வாய்ப்பாட்டோ நடக்கட்டும். டிசம்பரில் லட்சங்களைச் செலவழிக்கும் சபைகள் சேர்ந்து இந்த வாடகையைக் கொடுக்கலாம். முதல் வருஷம் பத்துப் பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் சுமை இறக்கிவிட்டு வந்தவர்களாக இருந்தால் அது பெரிய வெற்றி.

இரண்டாவது, ஒரு பேட்டையை இடித்துக் கட்டுவதற்கு முன்னால் அளவெடுக்கிறவர்கள் நிலத்தை மட்டும் அளக்காமல் நாலு கேள்விகளும் கேட்க வேண்டும். இங்கே என்ன பாடுகிறார்கள்? எந்த நாளில்? எந்த இடத்தில்? யார் வருகிறார்கள்? பதில் கிடைத்தால், புதிதாகக் கட்டும் இடத்தில் கீழ்த்தளத்திலேயே அதற்கு ஒரு திறந்த கூடம் விட வேண்டும். பூட்டும் சாவியும் அந்த ஊராரிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஜனங்களைக் கிளப்பித்தான் ஆக வேண்டும் என்றால் சந்தோடு கிளப்ப வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரராகவே போய்ச் சேர வேண்டும். இதற்குச் சிமெண்ட் ஒரு மூட்டைகூட அதிகம் ஆகாது. காகிதத்தில் பெயர்களை வரிசை மாற்றாமல் எழுதினால் போதும்.

நண்பர் பொறுமையாகக் கேட்டார். "மூன்றாவதுக்கும் சங்கீதத்துக்கும் என்ன ஐயா சம்பந்தம்? அதிகாரிகள் படித்தால் சிரிப்பார்கள்" என்றார்.

"சிரிக்கட்டும். சிரிப்பதற்காவது படிப்பார்கள் அல்லவா?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து மூன்றையும் ஓரத்தில் தாமே எழுதினார். நானும் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். போகும்போது, வெள்ளிக்கிழமை அறைக்கு மாதம் எவ்வளவு வாடகை ஆகும் என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.